‘சவுண்ட் சரியில்லை’ என்று பொய் சொன்ன நாள்

முதலில் கைக்குப் பயன்படுகிற ஒரு வித்தையைச் சொல்லிவிடுகிறேன். கதைக்கு அப்புறம் போகலாம். யாருடைய வீட்டுக்குள்ளாவது படப்பிடிப்பு நடந்தால் ஃப்ரிட்ஜின் உறுமல் ஒலிப்பதிவில் ஏறும். அதை அணைத்துவிட்டுத்தான் நாம் வேலையை ஆரம்பிப்போம். அணைத்த கையோடு உங்கள் கார் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடி ஃப்ரிட்ஜைத் திறப்பீர்கள், மறக்காமல் மறுபடி ஓடவிடுவீர்கள். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. குவைத்தில் அப்பாசியாவில் ஒரு மலையாளக் குடும்பத்தின் ஒரு வாரத்து மீனை அழுகவிட்டு, அந்தம்மா போனில் என்னைக் காய்ச்சி எடுத்த பிறகு நானாகக் கற்றுக்கொண்டது.

இருபத்துநாலு வருஷம் வளைகுடாவில் ஒலிப்பதிவாளனாக இருந்தேன். இப்போது தஞ்சாவூரில் காது கொஞ்சம் மந்தமாகி உட்கார்ந்திருக்கிறேன். கேமராக்காரர்கள் அப்போதே என்னைச் செவிடன் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆகவே அவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. போன மாதம் ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் உங்களில் ஒருவர் போன் செய்தார். வெளிநாட்டில் சக்கைப்போடு போட்ட ஒரு நிகழ்ச்சியைத் தமிழில் எடுக்கப் போகிறார்களாம், அவர்தான் சவுண்டாம். “சார், அவங்க ஊர் நிகழ்ச்சி நம்ம ஊர்ல எடுபடுமா? எடுக்கலாமா, கூடாதா?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குப் பதிலாக நான் ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் மரியாதைக்குக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பாவம், அவசரத்தில் இருந்திருப்பார். எழுத்தில் சொன்னால் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது. துபாயில் அல் கூஸில், ஒரு டயர் கிடங்குக்கும் ஒரு லேபர் கேம்ப்புக்கும் நடுவில் எங்கள் கம்பெனியின் ஸ்டுடியோ இருந்தது. அந்தச் சமயம் இங்கிலாந்தில் ஒரு கார் நிகழ்ச்சி ஊரையே கட்டிப்போட்டிருந்தது. மூன்று பேர் கார்களை ஓட்டுவார்கள், கேலி செய்வார்கள், ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள், கடைசியில் எதையாவது உடைப்பார்கள். அதை வளைகுடாவுக்கு அரபியில் எடுக்கலாமா என்று பார்க்க, ஒரே ஒரு பகுதியை மட்டும் மாதிரிக்குப் படம்பிடித்துக் காட்டச் சொன்னார்கள். அது பிடித்திருந்தால் முழுத் தொடரும் எங்களுக்கு. இரண்டு மாதமாக வேலை இல்லாமல் ஈயோட்டிக்கொண்டிருந்த கம்பெனி. விசா புதுப்பிக்க வேண்டிய பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். விசாவுக்குப் பொறுப்பேற்கிற கஃபீல் கையெழுத்துப் போட மறுத்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மேற்பார்வை பார்க்க லண்டனிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரர், மூக்கு நுனி வெயிலில் உரிந்துகொண்டே இருக்கும். கையில் எப்போதும் கனமான ஒரு புத்தகம். நிகழ்ச்சியை எப்படி எடுக்க வேண்டும், எத்தனையாவது நிமிடத்தில் சிரிக்க வேண்டும், எப்போது உடைக்க வேண்டும் எல்லாம் அதில் இருந்தது. நாங்கள் அவருக்குப் ‘புத்தகக்காரர்’ என்று பெயர் வைத்தோம். ஆளைக் குறைவாக நினைக்காதீர்கள். வண்டி என்றால் அவருக்கு உயிர். சாலையில் போகிற இன்ஜின் சத்தத்தைக் கேட்டே என்ன வண்டி என்று சொல்லிவிடுவார். சத்தத்தை மதிக்கிறவரை எனக்குப் பிடிக்காமல் போகுமா?

இடம் பார்க்க நாங்கள் மூன்று பேர் போனோம். புத்தகக்காரர், நான், வண்டி ஓட்ட காசி. காசி முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். மணலில் சிக்கிய வண்டிகளை இழுக்கும் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறவன். அதற்கு முன் எட்டு வருஷம் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தவன். அபுதாபியைத் தாண்டி, லிவா பக்கத்தில், மணல் மலைகள் ஆரம்பிக்கிற இடம். எவ்வளவு முறை போனாலும் அந்த இடம் என் வாயை அடைத்துவிடும். சிவந்த மணல் ஏழு எட்டு மாடி உயரத்துக்கு நிற்கும். அத்தனை பெரிய பொருள் அத்தனை அமைதியாக இருப்பது ஒலிப்பதிவாளனுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். ஹெட்போனை மாட்டினால் நம் மூச்சும் இதயமும்தான் கேட்கும்.

அங்கே ஒரு பேரீச்சைத் தோட்டத்தின் முகப்பில் அந்த வண்டி நின்றது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் பிக்கப். வெள்ளைப் பெயின்ட் மணலடித்துத் தேய்ந்து தகரம் மின்னியது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர். எழுபது வயதைத் தாண்டிய உள்ளூர் அரபி, நரைத்த தாடி, கசங்காத வெள்ளைக் கந்தூரா அங்கி. எங்களைக் கண்டதும் காவா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சையும் வந்தன. புத்தகக்காரர் காவாவைக்கூடத் தொடாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டைத் தடவினார். “என்ன அழகு! என்ன அழகு!” என்றார். இன்ஜினை ஓடவிடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நானும் என் பையை முன் சீட்டில் வைத்துவிட்டு மைக்கை நீட்டினேன். அந்தச் சீட்டில் கம்பளி நூலில் நெய்த ஒரு சிவப்புத் திண்டு இருந்தது. பெரியவர் என் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அழுக்குப் பை என்று நினைத்திருப்பார் போல, என்று எண்ணினேன்.

புத்தகக்காரர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து, பெரியவர் சாவியை எடுத்து நீட்டினார். “ஹலாலக். ஷில்லா” என்றார்.

“என்ன சொல்றார்?” என்று என்னிடம் திரும்பினார் புத்தகக்காரர்.

என் அரபி சைட்டில் பொறுக்கிய அரபி. வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். “உங்களுடையதாம் சார். எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.”

“நிஜமாகவா?”

வார்த்தைக்கு வார்த்தை சொன்னது முதல் தப்பு, இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். பெரியவரிடம் திரும்பி, நிஜமாகவா என்று கேட்டேன். விருந்தாளி சந்தேகப்பட்டால் எந்தப் பெரிய மனிதர் பின்வாங்குவார்? “வல்லா, நிஜம்தான்” என்று மார்பில் கைவைத்தார். புத்தகக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். காசி அந்த நேரம் தூரத்தில், மணலில் புதையாமலிருக்க எங்கள் வண்டி டயருக்குக் காற்றுக் குறைத்துக்கொண்டிருந்தான். அவன் அருகில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் புத்தகக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பேசியதெல்லாம் இங்கிலீஷ், வண்டி ஓட்டிய காசிக்கு அது பிடிபடவில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு வண்டி உடைய வேண்டும் என்பது புத்தகத்தின் சட்டம். “பழைய இரும்புக் கடையில் ஒன்றை வாங்கி உடைத்தால் யாருக்கும் வலிக்காது. பார்க்கிறவன் நேசிக்கிற வண்டியாக இருக்க வேண்டும். அதுதான் எங்கள் நிகழ்ச்சியின் ரகசியம்” என்றார். அந்தப் பிக்கப்பைக் கிரேனில் தூக்கி, பாறைத் தரையில் போட முடிவானது. அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து ஒரு பேப்பர் போனது, வண்டியைத் தானமாகத் தருகிறேன் என்று. கொடுத்ததற்குப் பேப்பரும் வேண்டுமா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்டதாகக் கொண்டுபோனவன் வந்து சொன்னான். என்ன பெரிய மனசு என்று நாங்களும் ஆச்சரியப்பட்டோம்.

படப்பிடிப்பு நாள் வந்தது. நாற்பது பேர், மூன்று கேமரா, ஒரு கிரேன். டைரக்டர் லெபனான்காரர், கத்தாமல் பேசத் தெரியாதவர். நடத்துகிறவர்கள் மூன்று பேரில் ஒருவர் உள்ளூர்க்காரர், முன்னாள் ரேலி பந்தய ஓட்டுநர். மற்ற இரண்டு பேரும் வேறு நாட்டு நகைச்சுவைக்காரர்கள். இவர்கள் யாரும் இடம் பார்க்க வந்தவர்கள் இல்லை. பேப்பரில் தானம் என்று இருந்தது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். ஒருவர் கொடுத்ததை ஏன் கொடுத்தீர் என்று அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

பெரியவர் காலையிலேயே வந்துவிட்டார். அந்த வண்டியைத் தானே ஓட்டி வந்தார். கழுவித் துடைத்திருந்தார். இறங்கியதும் சாவியைப் புத்தகக்காரர் கையில் கொடுத்துவிட்டார். கூடவே இன்னொரு வண்டியில் அவருடைய இரண்டு மகன்கள், காவா, ஒரு பெட்டி பேரீச்சை. நான் அவர் கந்தூராவுக்குள் சின்ன மைக்கைப் பொருத்தினேன். இடுப்பில் டிரான்ஸ்மிட்டரைச் சொருகினேன். எல்லோருக்கும் சொல்வதுபோல அவருக்கும் சொன்னேன், இந்தியும் அரபியும் கலந்து. நீங்கள் எதைப் பேசினாலும், முணுமுணுத்தாலும், எனக்குக் கேட்கும். தனியாகப் பேச வேண்டுமென்றால் இந்தச் சின்ன ஸ்விட்சைக் கீழே தள்ளுங்கள்.

“எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்?” என்றார்.

“அதோ என் வேன். அதுவரைக்கும், அர்பாப்” என்றேன். முதலாளிகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

வேனைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். மத்தியானம் தொழுகைக்குப் போனபோது அவரே அந்த ஸ்விட்சைத் தள்ளிவிட்டுப் போனார். வந்ததும் மறுபடி போட்டார். நம் நடிகர்களுக்குப் பத்து முறை சொன்னாலும் இது வராது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பகலில் பந்தயம் எடுத்தோம். புத்தம் புதிய விலை உயர்ந்த வண்டிகள் மூன்று, பெரிய மணல் மலையில் ஏறப் பார்த்தன. ஒன்று பாதியில் புதைந்தது, ஒன்று சறுக்கியது, ரேலிக்காரருடையது உச்சிக்குப் பத்தடி கீழே மூச்சை விட்டது. காசிதான் மூன்றையும் இழுத்து வந்தான். கிரேன் ஐந்து மணிவரைதான். நாலரைக்கு வெளிச்சம் பொன்னாகிவிடும் என்று டைரக்டர் பறந்தார். கேமராக்களை மாற்றுகிற இடைவேளையில் காசி என் வேனுக்கு வந்து தண்ணீர் குடித்தான்.

“ஏண்ணே, இந்தப் பெரியவரு வண்டியவா ஒடைக்கப் போறாக? எதுக்குக் குடுத்தாரு?”

“நாங்க இடம் பாக்க வந்தப்பவே சாவிய நீட்டிட்டாரு காசி. ஹலாலக்னு அவரே சொன்னாரு. நாந்தான் சொன்னேன் வெள்ளைக்காரர்ட்ட.”

காசி பாட்டிலை இறக்கினான். “என்னண்ணே சொல்றீக! அது சும்மா மரியாதைக்குச் சொல்றதுண்ணே. நீங்க ஒண்ணப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னா அவக அப்படித்தான் சொல்லுவாக. நாம ‘மப்ரூக் அலேக்’னு சொல்லணும். ஒங்ககிட்டயே நல்லா இருக்கட்டும்னு அர்த்தம். அதோட முடிஞ்சிரும். நான் வேலைக்குச் சேந்த புதுசுல அர்பாபு வாட்ச நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். கழட்டிக் குடுத்துட்டாரு. வாங்கிக் கட்டிக்கிட்டேன். சமையக்காரரு பாத்துட்டு மண்டையில ஒண்ணு போட்டு, திருப்பிக் குடுத்துட்டு வாடான்னாரு.”

“அப்ப அவர் திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?”

“சொன்ன சொல்ல எப்படிண்ணே திருப்பிக் கேப்பாக? செத்தாலும் கேக்க மாட்டாக.”

அவனை டைரக்டர் கத்திக் கூப்பிட, ஓடிவிட்டான். நான் ஹெட்போனைக் காதில் மாட்டினேன், வேறென்ன செய்வது என்று தெரியாமல். படப்பிடிப்பு ஓடாத நேரத்தில் மைக் மாட்டியிருப்பவரின் ஒலியை மூடிவிட வேண்டும் என்பது என் விதி. அத்தனை வருஷத்தில் யாருடைய அந்தரங்கத்தையும் நான் ஒட்டுக்கேட்டதில்லை. அன்று கை மூடப் போனது, அதற்குள் பெரியவர் குரல் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில், பிக்கப்பின் முன் கதவைத் திறந்துகொண்டு நின்றார். வண்டிக்குள் இருக்கும் தன் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்தச் சிவப்புத் திண்டை இரண்டு கையாலும் எடுத்தார்.

“இறங்கு, உம் சயீத்” என்றார். “வண்டி விருந்தாளிக்குப் போய்விட்டது. வா, நடப்போம்.”

உம் சயீத் என்றால் சயீதின் தாய். சயீத் அவருடைய மூத்த மகன், அந்தப் பக்கம் காவா ஊற்றிக்கொண்டிருந்தான். தாய் உயிரோடு இல்லை என்பது காலையில் பேட்டி எடுத்தபோதே தெரியும். என் பையை ஏன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விரல் ரெக்கார்ட் பட்டனுக்குப் போனது, நம் தொழில் புத்தி அப்படி. அழுத்தவில்லை. இன்றுவரை நான் கேட்ட குரல்களில் அதுதான் பெரியது, அது எந்த டேப்பிலும் இல்லை.

அதற்குள் கிரேன் பட்டையை வண்டிக்கு மாட்டிவிட்டார்கள். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. டைரக்டர் வரிசையாகக் கேட்டார். கேமரா ஒன்று தயாரா, இரண்டு தயாரா, மூன்று தயாரா. கடைசியில், சவுண்ட் தயாரா?

தம்பிகளே, தங்கைகளே, படப்பிடிப்பில் நம்மை யாரும் மதிப்பதில்லை. சாப்பாட்டு வரிசையில்கூட நாம் கடைசிதான். ஆனால் நம்மிடம் ஒரே ஒரு சொல் இருக்கிறது. சவுண்ட் சரியில்லை என்று நாம் சொன்னால் நாற்பது பேரும் நின்றாக வேண்டும். அதை நான் ஒருநாளும் பொய்யாகச் சொன்னதில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் எனக்குச் சோறு கிடைத்தது. அன்று சொன்னேன்.

“சவுண்ட் சரியில்லை. ஜெனரேட்டர் இரைச்சல் ஏறுகிறது. பத்து நிமிஷம்.”

டைரக்டர் மூன்று மொழிகளில் திட்டினார். நான் நேராகப் புத்தகக்காரரிடம் போனேன். அவரைத் தனியே இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் மொழிபெயர்த்தது தப்பு, வார்த்தையைச் சொன்னேன், பண்பைச் சொல்லவில்லை. அவர் மரியாதைக்கு நீட்டினார், நாம் பிடுங்கிக்கொண்டோம்.

“அவர் திருப்பிக் கேட்டாரா?” என்றார்.

“இல்லை சார். கேட்கவே மாட்டார். நீங்கள் போய்க் கேட்டாலும் கொடுத்தேன் என்றுதான் சொல்வார். கேட்பதே அவரை அவமதிப்பது.”

“பிறகு உனக்கு எப்படித் தெரியும்?”

“கேட்டேன். மைக்கில்.”

“பதிவு இருக்கிறதா?”

“இல்லை சார்.”

“அப்படியென்றால் அவர் போட்ட கையெழுத்துக்கு எதிராக உன் வாய்ச்சொல்லை நான் நம்ப வேண்டும்.”

“ஆமாம் சார்.”

அவர் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் அந்தத் திண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதுகு வளையாமல் நின்ற பெரியவரைப் பார்த்தார்.

“அந்த வார்த்தைகளை எனக்குச் சொல்லிக் கொடு” என்றார்.

மப்ரூக் அலேக். அவர் நாக்கில் அது ஏற மறுத்தது. நாலு தடவை சொல்லிப் பார்த்தார். புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு, உரிந்த மூக்கும் வேர்த்த சட்டையுமாக, எல்லோர் முன்னாலும் நடந்துபோனார். கிரேன்காரனைப் பார்த்து வண்டியை இறக்கச் சொல்லிக் கை காட்டினார். பெரியவர் எதிரே நின்று சாவியை இரண்டு கையாலும் நீட்டி, “மப்ரூக் அலேக்” என்றார்.

பெரியவர் கை எழவில்லை. “கொடுத்துவிட்டேன். உன்னுடையது” என்றார்.

புத்தகக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான். மறுபடி அதையே சொன்னார். பெரியவர் மறுபடி மறுத்தார். மூன்றாவது முறை, இடது கையில் சாவியை வைத்துக்கொண்டு, வலது கையை மார்பில் வைத்துத் தலையைச் சற்றுத் தாழ்த்தி, “மப்ரூக் அலேக்” என்றார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று இடம் பார்க்கப் போனபோது பெரியவர் செய்ததைப் பார்த்து வைத்திருந்தார். ரேலிக்காரருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். டைரக்டர்கூட வாயைத் திறக்கவில்லை. லெபனானிலும் இந்த மரியாதை உண்டு.

பெரியவர் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு, “அப்படியானால் ஏறு” என்றார் விருந்தாளியிடம்.

இனி நான் சொல்லப்போவதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை. பெரியவர் குனிந்து நாலு டயரிலும் காற்றை இறக்கினார். அளக்கும் கருவி கிடையாது. காற்று வெளியேறும் சத்தத்தைக் காதால் கேட்டு நிறுத்தினார். காசி என் பக்கத்தில் நின்று, “அண்ணே, காதுலயே அளக்குறாருண்ணே” என்று கிசுகிசுத்தான். புத்தகக்காரர் ஏறப் போனார். முன் சீட்டைப் பார்த்துத் தயங்கினார். பெரியவர் திண்டை நடுவில் வைத்தார். “ஏறு, மூன்று பேருக்கும் இடம் இருக்கிறது” என்று ஹெட்போனில் கேட்டது.

வண்டி அந்த மணல் மலையை நோக்கிப் போனது. புது வண்டிகள் மூன்றும் மண்ணைக் கவ்விய அதே மலை. அவை சீறிக்கொண்டு போயின. இது சீறவில்லை. இன்ஜின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு, நேராக ஏறாமல் சரிவின் குறுக்கே சாய்ந்து சாய்ந்து போனது. எங்கே மணல் இறுகியிருக்கிறது, எங்கே பொலபொலவென்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாதிக்கு மேல் சக்கரம் சுழன்றது. அவர் காலை எடுத்தார், ஒரு கணம் வண்டியைப் பின்னால் நழுவவிட்டார், மறுபடி அழுத்தினார். உச்சியில் அந்த வெள்ளைத் தகரம் சூரியனுக்கு நேரே ஒருமுறை மின்னி மறுபக்கம் மறைந்தது.

அப்போது மணல் பாடியது.

கேள்விப்பட்டிருந்தேன், நம்பியதில்லை. பெரிய சரிவில் காய்ந்த மணல் மொத்தமாக வழுக்கும்போது அதிலிருந்து ஓர் ஒலி எழும் என்பார்கள். முதலில் ஹெட்போனில் என் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பொய்யாகச் சொன்ன ஜெனரேட்டர் இரைச்சல் நிஜமாகவே வந்துவிட்டதோ என்று பயந்தேன். ஹெட்போனைக் கழற்றினேன். வெளியேயும் கேட்டது. காதில் கேட்டது என்பதைவிட உள்ளங்காலில் கேட்டது என்று சொல்ல வேண்டும். கோயிலில் பெரிய சங்கை ஊதி நிறுத்தாமல் இழுத்தால் எப்படி இருக்கும், அதைவிடக் கீழே, அதைவிட அகலமாக. காசி கையெடுத்துக் கும்பிட்டான். பெரியவரின் மகன்கள் “சுப்ஹானல்லா” என்றார்கள். ஹெட்போனை மறுபடி மாட்டினேன். வண்டிக்குள்ளிருந்து, பெரியவர் மைக்கில், விட்டுவிட்டுப் புத்தகக்காரரின் குரல் வந்தது. பேச்சு இல்லை. ஒரு மனிதர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத மூச்சு. நல்லவேளை, அந்த நேரம் நான் ரெக்கார்ட் பட்டனை அழுத்தியிருந்தேன்.

படம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். எதுவும் உடையாமல்தான் முடித்தோம். புத்தகக்காரர் ஊருக்குத் திரும்பும் முன் அல் கூஸில் எங்கள் ஸ்டுடியோவுக்குப் பக்கத்துக் கஃபடேரியாவில் எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். “நீ சொல். எங்கள் நிகழ்ச்சியை இங்கே எடுக்கலாமா, கூடாதா?” என்றார். நான் யோசித்துச் சொன்னேன். “வெள்ளிக்கிழமை லீவில் மணலுக்குப் போய்ப் பாருங்கள் சார். வண்டிப் பைத்தியமும் கேலியும் சிரிப்பும் இங்கே கொட்டிக் கிடக்கிறது. நிகழ்ச்சி வரலாம். புத்தகத்தை மட்டும் விமான நிலையத்திலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.” அவர் சிரித்துவிட்டு, அதையே அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னார். லண்டனில் கடைசிக் காட்சியைப் பார்த்து வாயடைத்துப் போனார்களாம். ஆனாலும், உடைப்பது இல்லையென்றால் அது எங்கள் நிகழ்ச்சியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. தொடர் வரவில்லை. எங்களில் ஐந்து பேருக்கு விசா புதுப்பிக்கவில்லை. நான் தப்பித்தேன், வேறொரு கம்பெனிக்கு மணல் பாடிய டேப்பைப் போட்டுக் காட்டி வேலை வாங்கினேன். போனவர்களில் கிரேன் பட்டை மாட்டிய பையனும் ஒருவன். அவன் போன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பொய்க்கு அவனும் விலை கொடுத்தான் என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையை நான் அழகாகச் சொல்லக் கூடாது.

போன் செய்த தம்பிக்கு என் பதில் இதுதான். எடுக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் எந்த வீட்டு வாசலில் கேமராவை வைக்கிறீர்களோ, அந்த வீட்டில் ‘எடுத்துக்கொள்’ என்றால் என்ன பொருள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் டயருக்குக் காற்று இறக்கிக்கொண்டிருக்கிறவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அன்று இருட்டும் முன் பெரியவரிடமிருந்து மைக்கைக் கழற்றப் போனேன். வண்டியில் சாய்ந்து நின்றார். திண்டு அதன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை, ஒட்டுக்கேட்டவன் அல்லவா. கழுத்துப் பக்கம் கிளிப்பை எடுத்தேன், இடுப்பிலிருந்து டிரான்ஸ்மிட்டரை உருவினேன். தொழுகைக்குப் போனபோது அவரே கீழே தள்ளிய, திண்டோடு பேசியபோது மட்டும் தள்ளாமல் விட்ட அந்தச் சின்ன ஸ்விட்ச், மேலே நின்றது. பெரியவர் அதன்மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ஆவாஸ் சாஃப் தா?” என்று கேட்டார். குரல் தெளிவாகக் கேட்டதா?

“சாஃப் தா, அர்பாப்” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.